முன்பக்கம் மட்டும் சுற்றும் கை

— கதவை இன்னும் கொஞ்சம் திறங்கய்யா. இந்த இடுக்கு வழியா எப்படிப் பேசறது?

— பேச்சு வெளியே வந்தாப் போதும்ல? வருதே. சொல்லு.

— நான் யாருன்னு தெரியுதா?

— தெரியாம என்ன? ஆராய்ச்சிக்கூடத்துப் பொண்ணு. என் கையில ரப்பர் பட்டையைச் சுத்தி, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிச்சவ. அன்னைக்கு வெள்ளைக் கோட்டு போட்டிருந்தே. இன்னைக்குக் கோட்டைக் காணோம். நீ அவதானான்னு ஒரு சந்தேகம்.

— நான்தான்யா. இந்த வெயில்ல கோட்டு போட முடியுமா?

— டாக்டருக்கு என்ன வெயில், மழை?

— நான் டாக்டர் இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனே. இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எப்பவும் உட்கார்ந்தே இருக்கிறவங்க கைக்கு மட்டும் வேலை கொடுத்தா, உடம்புக்கும் மூளைக்கும் என்ன ஆகுதுன்னு பார்க்கிறேன்.

— ஆமா, அந்த நோட்டீஸைப் பார்த்துட்டுத்தான் என் வீட்டுக்காரி மூச்சு வாங்க வந்தா. “எப்பவும் உட்கார்ந்தே இருக்கிறவங்க தேவைன்னு போட்டிருக்காங்க, வாழ்க்கையில முதல் தடவையா உங்களுக்குன்னே ஒரு வேலை வந்திருக்கு, கிளம்புங்க”ன்னா. என்ன சிரிப்பு?

— சிரிக்கலை. மன்னிச்சுக்கோங்க. ஐயா, நான் வந்தது நாங்க கொடுத்த அந்தக் கையால சுத்தற மெஷின் விஷயமா. அதை இன்னைக்குத் திருப்பி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க.

— யாரு?

— பெரிய டாக்டர். எனக்கு மேல இருக்கிறவர்.

— வீட்டுல வெச்சுச் சுத்துங்கன்னு தலையில கட்டினதும் நீங்க. இப்ப வாசல்ல வந்து நின்னு எடுத்துட்டுப் போறேங்கிறதும் நீங்க. முடியாது.

— முடியாதுன்னா?

— முடியாதுன்னா முடியாது. இதுக்கு ஒரு விளக்கம் வேற வேணுமா?

— சரி, எடுக்கறது அப்புறம் இருக்கட்டும். எனக்கு ஒரு விஷயம் புரியலை. வழி பூரா அதையே யோசிச்சுக்கிட்டு வந்ததுல, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்ப நடந்து வர்றேன். உள்ளே வந்து கேட்கலாமா?

— செருப்பை வெளியே விடு. அந்த நாற்காலி வேண்டாம், அது என்னுது. இந்த ஸ்டூல்ல உட்காரு.

— உங்க நாற்காலி மேலே துணி குவிச்சு வெச்சிருக்கே? டிவி மேலேயும் ஒரு விரல் தூசி. “காலையில நாற்காலியில உட்கார்ந்தா ராத்திரிதான் எழுந்திருப்பேன்”னு சொன்னீங்களே, இப்பெல்லாம் எங்கே உட்காருறீங்க?

— கேள்வி கேட்க வந்தியா, வீட்டைச் சோதனை போட வந்தியா?

— கண்ணுல பட்டுச்சு, கேட்டேன். ஐயா, அந்த மெஷினுக்குள்ள ஒரு சின்னக் கருவி இருக்கு. நீங்க எப்பச் சுத்தறீங்க, என்ன வேகத்துல சுத்தறீங்கன்னு எங்க ஆபீஸுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும்.

— பார்த்தியா! வேவு பார்க்கறீங்க! எனக்கு அப்பவே ஒரு நமநமப்பு.

— சொல்லித்தானே கொடுத்தோம்? கையெழுத்துப் போட்டீங்களே.

— போட்டேன். படிச்சேன்னு சொன்னேனா?

— கேளுங்க. மத்தவங்க சுத்தறது எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். காலையில கொஞ்ச நேரம், ஒரே சீரா, கடனேன்னு சுத்திட்டு நிறுத்திடுவாங்க. ஒருத்தர் பாதியில தூங்கியே போறார். உங்களோடது அப்படி இல்லை. திடீர்னு சர்ருன்னு ஓடுது. டக்குனு நிக்குது. ஒரே ஒரு சுத்து மெதுவா நகருது. நிக்குது. மறுபடியும் பிடிச்சுக்கிட்டு ஓடுது. காலையில ஆரம்பிச்சா பொழுது சாயற வரைக்கும் இதே கூத்து. பெரிய டாக்டர் பார்த்துட்டு, “இது பெரியவர் சுத்தறதே இல்லை, ஏதோ குழந்தை வெச்சு விளையாடுது, பிடுங்கிட்டு வா”ன்னுட்டார்.

— குழந்தையா? இந்தக் கையைப் பாரு. தொட்டுப் பாரு. குழந்தை கையா இது?

— அதானேய்யா எனக்கும் ஆச்சரியம்! போன தடவை கை பலம் பார்க்க நீங்க அந்தப் பிடியை இறுக்கினப்ப நான்தானே முள்ளைப் பார்த்தேன்? எங்க ஆளுங்கள்ள ஒருத்தருக்கும் அப்படி ஏறலை. அதை விடுங்க. அந்த மணிப் பரிட்சை இருக்கே...

— எது, பித்தானை அமுக்கறதா?

— ஆமா. மணி அடிச்சா அமுக்கணும். ஆனா உடனே இன்னொரு மணி அடிச்சா, நீட்டின விரலை அப்படியே நிறுத்திடணும். முதல் தடவை வந்தப்ப நீங்க எல்லாத்துக்கும் அமுக்கினீங்க.

— லிஃப்ட்டுக்காரன் வேற என்ன செய்வான்? வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து ஓய்வு கொடுத்து அனுப்பற வரைக்கும் ஒரே ஸ்டூல், ஒரே விரல். மத்த விரலெல்லாம் சும்மா துணைக்கு வந்துச்சு. பித்தானைப் பார்த்தா அதுவாப் போய் அமுக்கும்.

— போன தடவை ஒண்ணு கூடத் தப்பலையே! ரெண்டாவது மணி காதுல விழறதுக்குள்ள உங்க விரல் நின்னுடுது. மெஷின்தான் கெட்டுப் போச்சோன்னு நீங்க போனப்புறம் நானே உட்கார்ந்து பார்த்தேன். நான்தான் தப்புத் தப்பா அமுக்கினேன்.

— நீ நேரத்துக்குச் சாப்பிடறதில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியுது.

— பேச்சை மாத்தாதீங்க. எப்படி வந்துச்சு இது?

— கையைச் சுத்தினா மூளைக்கு நல்லதுன்னு நீதானே சொன்னே? சுத்தினேன். நல்லதாச்சு. சந்தோஷமா வீடு போய்ச் சேரு.

— போயிருப்பேன். ஒண்ணுதான் இடிக்குது. பாதி நேரம் முன்பக்கமா, பாதி நேரம் பின்பக்கமான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினோம். நீங்க பின்பக்கமா ஒரு சுத்து கூடச் சுத்தலை.

— தேவைப்படலை.

— ஏன் தேவைப்படலை?

— பின்பக்கமாச் சுத்தினா நூல் அறுந்து போகும்.

— என்னது?

— ஒண்ணுமில்லை.

— நூல்னீங்க.

— நரம்புன்னேன். கை நரம்பு. வயசாகுதுல்ல.

— நூல்னுதான் சொன்னீங்க. அறுந்து போகும்னீங்க.

— ஏங்க! எங்கே போய்த் தொலைஞ்சீங்க? பாதித் தையல்ல என்னை அந்தரத்துல விட்டுட்டு வாசல்ல யாரோட கதை அளக்கறீங்க? இந்தத் திரையை மதியத்துக்குள்ள கொடுத்தாகணும். வந்து சுத்துங்க!

— ஐயா, உள்ளே யாரு?

— ரேடியோ.

— ரேடியோ “ஏங்க”ன்னு கூப்பிடுமா?

— இந்த வீட்டு ரேடியோ கூப்பிடும்.

— அந்த அஞ்சாவது மாடி அம்மா விஷயத்தையும் பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்க! அதைச் சொல்லாம எனக்கு ஊசி நகராது, சொல்லிட்டேன்!

— வர்றேன் இரு. ஆள் வந்திருக்கு.

— அளவு கொடுக்க வந்தவங்களா? உள்ளே அனுப்புங்க.

— கேட்டுடுச்சுல்ல? போ. பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கோ. எனக்கு ஒரு பயமும் இல்லை.

— வாம்மா, வா. என்ன தைக்கணும்? பேண்ட்டு நீளமா இருக்கா? பார்த்தாலே தெரியுது, தரையைக் கூட்டுது.

— இல்லம்மா, நான் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து... ஐயய்யோ! இது எங்க மெஷின்!

— ஓ, நீதானா கண்ணு அது! இவரு சொன்னதைக் கேட்டு நான் கரடி மாதிரி ஒரு ஆளை நினைச்சு வெச்சிருந்தேன்.

— இதோட மூடி எங்கே?

— கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு. திருடிட்டேன்னு நினைக்காதே.

— மூடியைக் கழட்டி, உள் சக்கரத்துல பெல்ட்டை மாட்டி, அதைத் தையல் மெஷினோட சேர்த்து... ஐயா, இதை யார் செஞ்சது?

— நான்தான். நல்ல கனமான சக்கரம். ஓரத்துல பள்ளம் வேற வெட்டியிருக்கு. அத்தனையும் செஞ்சவங்க எதுலயும் மாட்டாம விட்டுட்டாங்க. சுத்தினா எதாவது நகரணும். சும்மா காத்தைக் கடையறதுக்கு நான் என்ன கிறுக்கனா?

— இது உடற்பயிற்சிக்குன்னு கொடுத்ததுய்யா.

— திரை தைச்சா அது உடற்பயிற்சி இல்லாமப் போயிடுமா? கைக்குத் தெரியுமா, தான் திரைக்குச் சுத்தறோமா தலைவிதிக்குச் சுத்தறோமான்னு?

— ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. நான் பார்க்கணும்.

— பார்த்துட்டு எடுத்துட்டுப் போயிடுவே.

— ஏங்க, அந்தப் பொண்ணுதான் ஆசையாக் கேட்குதில்ல? உட்காருங்க. கண்ணு, நீ பையை எடுத்துட்டு அந்தப் பக்கம் நில்லு, பெல்ட்டுல மாட்டிக்கும். ம். மெதுவா... மெதுவா... இப்ப ஓட்டுங்க, நீளத் தையல். அஞ்சாவது மாடியை விட்ட இடத்துல இருந்து சொல்லிக்கிட்டே ஓட்டுங்க.

— இந்தப் பொண்ணு முன்னாடியா?

— அதுக்கென்ன? அதுவும் கேட்கட்டும்.

— அந்த அம்மா தினமும் காலையில கீழ்த்தளத்துல லிஃப்ட்டுல ஏறும். மூணாவது மாடியில கணக்கு எழுதற ஆள் ஒருத்தர் இருந்தாரு. அவரும் அதே நேரத்துக்கு வந்து ஏறுவாரு...

— போதும்!

— நிறுத்திட்டேன்.

— மூலை வருது. அரைச் சுத்து. போதும். திருப்பிட்டேன். ஓட்டுங்க. ஏறுவாரு, அப்புறம்?

— ஏறுவாரு. ரெண்டு பேரும் பேச மாட்டாங்க. ஒரு வார்த்தை கிடையாது. இவரு கதவைப் பார்ப்பாரு, அந்த அம்மா நம்பர் மாறறதைப் பார்க்கும். ஆனா ஒருத்தர் வரத் தாமதமானா இன்னொருத்தர் செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி கீழேயே நிப்பாங்க. எத்தனையோ தடவை நான் காலி லிஃப்ட்டை மேலே கொண்டுபோயிருக்கேன், நிக்கிறவங்களுக்குச் செருப்பு சரியாகலைன்னு.

— போதும்! ஐயோ, இருங்க, நூலை இழுத்துக்கறேன். ம்.

— ஒருநாள் அந்த ஆளு வேலையை விட்டுட்டுப் போயிட்டாரு. சொல்லிக்கிட்டுப் போனாரா இல்லையா, எனக்குத் தெரியாது. மறுநாள் அந்த அம்மா தனியா ஏறுச்சு. “மூணாவதுல ஒரு தடவை நிறுத்துங்க”ன்னுச்சு. நிறுத்தினேன். கதவு திறந்துச்சு. யாரும் ஏறலை, யாரும் இறங்கலை. கதவு மூடிக்கிச்சு. மேலே போனோம்.

— அப்புறம்?

— மறுநாளும் நிறுத்தச் சொல்லுச்சு.

— நீங்க ஒண்ணும் கேட்கலையா?

— நிறுத்தச் சொன்னா நிறுத்தறதுதான் என் வேலை. அந்த லிஃப்ட்டுல நான் இருந்த வரைக்கும், அந்த அம்மா ஏறினா மூணாவதுல நிறுத்தினேன். அவ்வளவுதான் கதை. இவ இதுக்குப் போய் ஊசி நகராதுன்னு கத்தறா.

— அதான்! கண்டுபிடிச்சுட்டேன்! அதேதான்!

— என்ன கண்ணு, அந்த அம்மாவை உனக்குத் தெரியுமா?

— அவங்க இல்லம்மா, நீங்க! நீங்கதான் மணி! ஓடுது, நிக்குது, அரைச் சுத்து, நிக்குது, எல்லாம் உங்க தையல்! “ம்”ன்னா முதல் மணி. “போதும்”னா ரெண்டாவது மணி. நான் ஒரு தடவை வெச்ச பரிட்சையை நீங்க தினமும் பகல் பூரா வெச்சுக்கிட்டிருக்கீங்க! அதுவும் இவரு வாயில கதையை வெச்சுக்கிட்டு!

— பரிட்சையாவது ஒண்ணாவது. நிறுத்தலைன்னா ஊசி அவ விரல்ல இறங்கும். ஆரம்பத்துல ஒரு தடவை இறங்கிடுச்சு. அதுல இருந்து அவ மூச்சை இழுக்கும்போதே கை நின்னுடும்.

— ஊசி இறங்கினது என் விரல்ல. வீடே அதிரக் கத்தினது இவரு. பக்கத்து வீட்டுல இருந்து ஓடி வந்தவங்க இவரு கையைத்தான் பிடிச்சுப் பார்த்தாங்க.

— சும்மா இருடி.

— நான் ஒரு தடவை சுத்தட்டுமா?

— உனக்கு எதுக்கு?

— எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்யா. தள்ளுங்க.

— விரலை எடுத்துட்டு ஒரு பழைய துணியை வெச்சுக்கோ, இவளே. படிச்ச புள்ளை, நம்பக் கூடாது.

— ம். ஓட்டு கண்ணு. ஓட்டு. போதும். போதும்! அட, போதும்மா!

— ஐயோ, போயிடுச்சு. நிறுத்தணும்னு தெரியுது, கை கேட்க மாட்டேங்குது.

— துணியைத் தாண்டி வெறும் பலகையில ஓட்டிட்டே கண்ணு. ஊசி தப்பிச்சது உன் நல்ல காலம்.

— பார்த்தியா? இவ்வளவு நேரம் நான் என்னமோ விளையாடறேன்னு நினைச்சே.

— இல்லைய்யா. ஆனா இப்ப எனக்குப் பெரிய குழப்பம். உங்க மூளை சுறுசுறுப்பானது கையைச் சுத்தினதாலயா, அம்மா சொல்றதைக் கேட்டதாலயா, இல்லை கதை சொன்னதாலயா?

— கல்யாணம் ஆனதுல இருந்து நான் சொல்றதைக் கேட்காம மிச்சம் பிடிச்சு வெச்ச மூளை கண்ணு அது. புத்தம் புதுசு.

— அம்மா, நான் நிஜமாவே கேட்கிறேன்.

— நானும் நிஜமாத்தான் சொல்றேன். இவரு ஹால்ல டிவியைப் பார்ப்பாரு, நான் இங்கே ஊசியைப் பார்ப்பேன். தட்டு வெச்சா சாப்பிடுவாரு, எடுத்தா எழுந்திருப்பாரு. சண்டை கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு ஊரு. வேலைக்குப் போன காலத்துல கூட லிஃப்ட்டுல என்ன நடந்துச்சுன்னு ஒருநாள் வாயைத் திறந்ததில்லை.

— நீ ஒருநாள் கேட்டதில்லை.

— கேட்டா “ஏறினாங்க, இறங்கினாங்க”ம்பீங்க.

— வேற என்ன? பறந்தாங்கன்னு சொல்லவா?

— இப்ப மட்டும் எப்படி வருது? கண்ணு, கை சுத்த ஆரம்பிச்சா இவரு வாயும் கூடவே சுத்துது. முதலாளி தனியா ஏறினா கண்ணாடியைப் பார்த்துச் சிரிச்சுப் பழகுவாராம், வேலைக்காரங்க முன்னாடி சிரிக்கிறதுக்கு. பணக்கார வக்கீல் ஒருத்தர் லிஃப்ட்டுக்குள்ள கண்ணை மூடிக்கிட்டு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பாராம், அவ்வளவு பயமாம். லிஃப்ட்டுக்காரனுக்குக் கண்ணும் காதும் இருக்குன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காதாம்.

— ஸ்டூல் மாதிரி நானும் ஒரு சாமான். ஸ்டூலுக்கு யார் காது வெப்பா? சரி, போதும் கதை. பொண்ணே, நேராச் சொல்லு. மெஷினை என்ன பண்ணப் போறே?

— நேராவே சொல்றேன்யா. உங்களை எங்க கணக்குல சேர்க்க முடியாது. நாங்க சொன்ன மாதிரி நீங்க செய்யலை. மெஷினுக்கு இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்கார். இப்பவே எடுத்துட்டுப் போனாத்தான் அவர் ஆரம்பிக்க முடியும்.

— எனக்கு நல்லது நடந்துச்சா இல்லையா? இந்தத் தோள்பட்டை பரண் மேலே ஒரு டப்பா எடுக்கத் தூக்காது. இப்பத் தூக்குது. மறந்து போனதெல்லாம் ஞாபகம் வருது.

— நடந்துச்சுய்யா. எதனால நடந்துச்சுன்னுதான் தெரியலை. எதனாலன்னு தெரியாத நல்லது ஆராய்ச்சிக்கு உதவாது.

— வீட்டுக்கு உதவும்.

— ஏன் கண்ணு, வேற வழியே இல்லையா? காலால மிதிச்சுத் தைக்க என்னால முடியாது. முட்டி ரெண்டும் போயாச்சு.

— இந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடி எப்படிம்மா தைச்சீங்க?

— மோட்டார் இருந்துச்சு. எரிஞ்சு போச்சு.

— அட, அப்ப வழி இருக்கே! கேளுங்க. மோட்டாரைச் சரி பண்ணிட்டா அம்மா பாட்டுக்கு இங்கே தைக்கட்டும். ஐயா பாட்டுக்கு ஹால்ல அவர் நாற்காலியில உட்கார்ந்து, மூடியை மாட்டிக்கிட்டு, பாதி முன்பக்கம், பாதி பின்பக்கம்னு ஒழுங்காச் சுத்தட்டும். பழசை அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கிறோம்னு பெரிய டாக்டர்கிட்ட நான் பேசறேன். அவர் கேட்பார். காத்துக்கிட்டிருக்கிறவருக்கு வேற மெஷின் பார்த்துக்கலாம். இது இங்கேயே இருக்கும். என்ன சொல்றீங்க?

— நல்ல யோசனை.

— ஆமா கண்ணு. ரொம்ப நல்ல யோசனை.

— அப்புறம் ஏன் ரெண்டு பேரும் இழவு விழுந்த மாதிரி நிக்கறீங்க?

— அந்த மோட்டார் சரியாகாது. உள்ளே இருக்கிற கம்பியெல்லாம் கரிக்கட்டை.

— எங்க ஆபீஸ்ல ஒரு மெக்கானிக் இருக்கார்மா. செத்ததை எழுப்பி உட்கார வெச்சுடுவார். கொடுங்க, கையோட எடுத்துட்டுப் போறேன்.

— தூக்கிப் போட்டாச்சு.

— எங்கே?

— எங்கேன்னா? குப்பையிலதான்.

— பரவாயில்லை, எங்ககிட்டயே சின்ன மோட்டார் சும்மா கிடக்கு. நாளைக்கே...

— இதுக்கு வேற எதுவும் பொருந்தாது கண்ணு, இது ஒரு பிடிவாதம் பிடிச்ச மெஷின். வாசல்ல யாரோ கூப்பிடறாங்க பாரு. திரைக்காரங்கதான். நான் போய்ச் சமாதானம் சொல்லிட்டு வர்றேன். ஏங்க, இந்தப் பொண்ணு எதையும் தூக்கிட்டுப் போயிடாம கண்ணு வெச்சுக்கோங்க.

— ஐயா, அம்மாவுக்கு என்ன கோபம்? நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்?

— சத்தத்தைக் குறை. அந்தக் கதவை ஒருக்களிச்சுச் சாத்து.

— என்னய்யா?

— மெக்கானிக் எல்லாம் வேண்டாம்.

— ஏன்?

— அந்தத் துண்டுத்துணிக் கூடை தெரியுதா? அதைத் தூக்கு. அடியில ஒரு பழைய தலையணை உறை இருக்கும். உள்ளே பாரு.

— இது... மோட்டார்.

— கரிக்கட்டையா இருக்கா?

— பளபளன்னு இருக்கே! தூசி கூட இல்லை.

— அப்பப்ப துடைக்கிறா போலிருக்கு. உன் மெஷினைத் தூக்கிக்கிட்டு வந்த அன்னைக்கு, இதை எங்கே வெக்கறதுன்னு கேட்க இந்த ரூமுக்குள்ள வந்தேன். அதுக்கு முன்னாடி எந்தக் காலத்துல வந்தேனோ, எனக்கே நினைவில்லை. அவ என்னையும் மெஷினையும் மாத்தி மாத்திப் பார்த்தா. “மோட்டார் எரிஞ்சு போச்சு, இதை வெச்சு எனக்குச் சுத்திக் கொடுக்க முடியுமா”ன்னா. நான் எவன் சொன்னாலும் நம்பறவன் இல்லை. எரிஞ்சா வாசம் அடிக்கணுமே? இங்கே புதுத்துணி வாசம்தான் அடிச்சுது. அவ குளிக்கப் போனப்ப தேடி எடுத்து, ப்ளக்குல சொருகிப் பார்த்தேன். ஜம்முன்னு ஓடுச்சு.

— அப்ப அம்மா பொய் சொல்லியிருக்காங்க! எதுக்குய்யா? உங்களை அந்த நாற்காலியில இருந்து எழுப்பறதுக்கா?

— அதுக்கு உன் மெஷினே போதுமே. ஹால்ல உட்கார்ந்து சுத்துங்கன்னு விட்டிருக்கலாம்ல?

— அப்ப... இங்கே வர வைக்கிறதுக்கு.

— அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன். தப்பாக்கூட இருக்கும். கேட்டுத் தெரிஞ்சுக்க எனக்குத் தைரியம் இல்லை.

— கொஞ்சம் நகருங்கய்யா. இந்தச் சக்கரத்தைப் பார்க்கணும்.

— ஏன், அதுக்கென்ன?

— உங்க பெல்ட்டு உரசி உரசி இந்த ஓரம் பூரா தேய்ஞ்சிருக்கு. தொட்டுப் பாருங்க. சுத்தினா ஆடுது. இதை வெச்சு இனிமே யாரையும் அளக்க முடியாது.

— கெடுத்துட்டேங்கிறியா?

— நிஜமாவே கெடுத்துட்டீங்க. கெட்டதை அவ்வளவு தூரம் சுமந்துட்டுப் போய் நான் என்ன பண்ணப் போறேன்? இங்கேயே கிடக்கட்டும். உங்களைக் கணக்குல இருந்து எடுத்தாச்சு, மெஷின் கெட்டுப் போச்சுன்னு பெரிய டாக்டர்கிட்ட சொல்றேன். ரெண்டுமே உண்மை.

— இதுல ஏதும் சூது இல்லையே?

— இல்லைய்யா.

— கையெழுத்துக் கேட்பியா?

— கேட்க மாட்டேன்.

— அப்ப இரு, டீ போடச் சொல்றேன். சர்க்கரை எத்தனைன்னு அவகிட்டயே சொல்லிடு.

— ஐயா, இனிமே யாரும் இதை எடுத்துட்டுப் போக வர மாட்டாங்க. மோட்டார் விஷயம் உங்களுக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடலாமே? பாவம், ஒளிச்சு வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் பயந்துக்கிட்டு இருப்பாங்க?

— கூடையை எடுத்த இடத்துலயே வை. அப்படி இல்லை, கைப்பிடி சுவத்தைப் பார்க்கணும். சீக்கிரம், வர்றா.

— ஏன்யா சொல்லக் கூடாது?

— நான் தெரிஞ்சேதான் சுத்தறேன்னு தெரிஞ்சா, வெட்கப்பட்டுக்கிட்டு மோட்டாரை எடுத்து மாட்டிடுவா. அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு நான் இந்த ரூமுக்குள்ள வர்றது?